கொழும்பைத் தாக்கிய ஜீரோ: இத்தனை வெள்ளிக் கீறல்கள் எதற்கு?

தூரிகை:
1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர் விமானத்தின் (ஏ6எம்2) பிளாஸ்டிக் மாடலை ஒருவழியாக முடித்துவிட்டேன். அளவு 1/48, அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு. ஹிர்யு என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானம் என்பதால் உடலின் பின்பகுதியில் இரண்டு நீலப் பட்டைகள். தகடு இணைப்புக் கோடுகளில் கறுப்பு எனாமல் வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பூச்சு). விமானி கால் வைத்து ஏறும் இறக்கை வேர்ப்பகுதியிலும் என்ஜின் மூடியைச் சுற்றியும் வெள்ளிக் கீறல்கள். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி. டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதல், பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின், ஏப்ரலில் கொழும்பு என்று நான்கு மாதம் உப்புக்காற்றில் அலைந்த விமானம் வேறு எப்படி இருந்திருக்கும்? கருத்துச் சொல்லுங்கள்.

உப்புத்தாள்:
ஒட்டு வேலை அருமை. இறக்கையும் உடலும் சேருமிடத்தில் இடைவெளியை அடைக்கப் புட்டி போட்ட சுவடே இல்லை. ஆனால் அதற்கு மேல் பூசிய பூச்சு விமானத்தைக் கிழடாக்கிவிட்டது, தம்பி.

பறக்காத நேரத்தில் இந்த விமானங்கள் வெயிலில் கிடக்கவில்லை. பெரும்பாலும் கப்பலின் மூடிய ஹேங்கருக்குள், அதாவது தளத்துக்கு அடியில் உள்ள விமானக் கூடத்துக்குள், நின்றன. கப்பல் படையணியும் இன்றைய இந்தோனேசியாவின் செலிபஸ் (சுலாவேசி) தீவின் ஸ்டேரிங் விரிகுடாவில் தங்கியிருந்து, மார்ச் 26 அன்றுதான் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. துடைக்கவும் பழுதுபார்க்கவும் ஆளும் நேரமும் இருந்தன. பூச்சுக்கு அடியிலும் வெறும் அலுமினியம் இல்லை, செம்பழுப்புப் பிரைமர் (அடிப்பூச்சு) இருந்தது. லேசாக உரசினால் முதலில் அந்த நிறம்தான் எட்டிப்பார்க்கும். நீங்கள் நேராக வெள்ளிக்குப் போய்விட்டீர்கள்.

தோல் உரிந்த ஜீரோக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல 1943இல் தென் பசிபிக்கின் ஜப்பானியத் தளமான ராபவுலில் எடுத்தவை. சாம்பல் பூச்சின் மேல் களத்திலேயே அவசரமாகப் பச்சை பூசினார்கள், அது உரிந்தது. அந்த ஊர்க் கதையை இந்த விமானத்தின் தலையில் கட்டாதீர்கள்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலில் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள கீறல் நிஜ விமானத்தில் 14 சென்டிமீட்டர். அப்படி ஒரு காயத்தோடு விமானத்தை மேலே அனுப்பிய மெக்கானிக்கை அவன் அதிகாரி சும்மா விட்டிருப்பாரா?

தூரிகை:
கணக்கு என்று வந்துவிட்டால் அதை முழுவதுமாகப் போடுவோம், அண்ணா. கிட்டில் (ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டியில்) செதுக்கப்பட்ட தகட்டுக் கோடு 0.1 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும் நிஜத்தில் அது ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. அப்படி ஒரு விமானம் பறந்திருக்காது. உங்கள் அளவுகோலின்படி எல்லாக் கோடுகளையும் அடைத்துவிட்டு, வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் மீனை அல்லவா மேசையில் வைக்க வேண்டும்? கிட் செய்பவனே மிகைப்படுத்தித்தான் தருகிறான். அவனுக்கு உள்ள உரிமை தூரிகை பிடித்தவனுக்குக் கிடையாதா?

செம்பழுப்புப் பிரைமரை மறுக்கவில்லை. ஆனால் வெளிர் சாம்பல் பூச்சில் வெள்ளி ஒன்றுதான் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. அலமாரியில் இருக்கும் விமானம் ஓர் அடி தள்ளி நிற்பவனின் கண்ணை இழுக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குச் சான்றிதழ் கேட்டு நான் இதைச் செய்யவில்லை.

மேகமூட்டம்:
கீறலை விடுங்கள். அந்தச் சாம்பலே தவறு! ஏறக்குறைய வெள்ளையாக இருக்கிறது. பேர்ல் துறைமுகத்தில் விழுந்த ஜீரோக்களின் துண்டுகளில் எஞ்சிய பூச்சு பழுப்பும் பச்சையும் கலந்த சாம்பல். பழைய கிட் கையேடுகள் பலவும் வெளிர் சாம்பல் என்றே சொல்லி ஒரு தலைமுறையைக் கெடுத்துவிட்டன.

தூரிகை:
எண்பது ஆண்டுகள் யார் யார் வீட்டிலோ கிடந்த துண்டுகள் அவை. வார்னிஷ் மஞ்சளாகும், பூச்சு மங்கும். அதைப் பார்த்து 1942இன் நிறத்தை எப்படி முடிவு செய்வது? மேலும், அளவு சிறுத்தால் நிறமும் வெளிற வேண்டும் என்பதற்காக நான் வேண்டுமென்றே கொஞ்சம் வெள்ளை கலந்தேன்.

மேகமூட்டம்:
துண்டுகளை மட்டும் நம்பிப் பேசவில்லை. 1942 பிப்ரவரியில், கொழும்புத் தாக்குதலுக்கு ஒன்றரை மாதம் முன்பு, யோகோசுகாவில் இருந்த கடற்படை விமானத் தொழில்நுட்பக் கூடம் ஜீரோவின் உருமறைப்பு பற்றி அறிக்கை எழுதியது. அதிலேயே இந்த நிறம் பாகு நிறத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்த சாம்பல் என்று இருக்கிறது. அன்றைக்கு எந்த வார்னிஷும் எண்பது வயதாகி மஞ்சளித்திருக்கவில்லை.

உப்புத்தாள்:
வெள்ளை கலந்த கதைக்கு வருகிறேன். 1/48 மாடலை 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 14.4 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் பஸ்ஸின் நிறம் காற்றால் வெளிறியா தெரிகிறது? தூரத்து மலைக்குப் பொருந்துவதை மேசை மேல் கொண்டு வந்து வைக்கிறார்கள்.

தூரிகை:
காற்றைப் பற்றி நான் பேசவே இல்லை! வெட்டவெளி வெயிலில் நின்ற விமானத்தை நான் அறைக்குள் விளக்கொளியில் காட்டுகிறேன். அதே பூச்சை அப்படியே பூசினால் கறுத்துத்தான் தெரியும். வெயிலில் நின்றதுபோல் தோன்ற வேண்டுமானால் வெளிற வைத்தே ஆக வேண்டும். இதற்கு உங்கள் 14.4 மீட்டரில் பதில் இல்லை.

உப்புத்தாள்:
அதற்கு நல்ல விளக்கு வாங்குங்கள், தம்பி. வெள்ளைப் பெயிண்ட் குப்பியை மூடி வையுங்கள்.

சீனக்குடா:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஈஸ்டர் ஞாயிறு என்றதும் எல்லோரும் ஜீரோவையே கட்டுகிறீர்கள். அன்று இரத்மலானையிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆம் படைப்பிரிவும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படைப்பிரிவும் ஹரிக்கேன் போர் விமானங்களில் மேலெழும்பின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டபோது எங்கள் சீனக்குடாவிலிருந்து 261ஆம் படைப்பிரிவு எதிர்த்துப் போனது. அவற்றைக் கட்டுவதற்கு ஆளில்லை.

நான் இப்போது 258இன் ஹரிக்கேன் 2பி ஒன்றில் இருக்கிறேன். இறக்கைகளில் பன்னிரண்டு துப்பாக்கிகள். இந்த விமானத்துக்கு ஹேங்கர் சொகுசு கிடைத்திருக்காது. பந்தயத் திடலில் நின்ற விமானம் அது. ஆகவே தூரிகை ஐயாவின் பக்கம்தான் நான். மூக்கிலிருந்து வால் வரை நன்றாகக் கீறப்போகிறேன்.

உப்புத்தாள்:
மூக்கிலிருந்து வால் வரையா? ஹரிக்கேனின் உடல், விமானி இருக்கைக்குப் பின்னால் பெரும்பகுதி துணி. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிப் பசையேற்றிய துணி. துணியை எவ்வளவு சுரண்டினாலும் வெள்ளி வராது. இறக்கையில் துப்பாக்கி அறை மூடிகளைச் சுற்றிக் கீறுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அவை உலோகம், குண்டு நிரப்பும்போதெல்லாம் கழற்றி மாட்டியவை.

தூரிகை:
துணி விஷயத்தில் அண்ணா சொல்வதுதான் சரி. அங்கே தேய்ந்த நிறமும் அழுக்கும் போதும். சட்டங்கள் தெரியும் இடத்தில் சற்று வெளிறலாம். அதற்கும் வெள்ளை கலக்கத்தான் வேண்டும் என்பதை இங்கே சிலர் கவனிக்கவும்.

மேகமூட்டம்:
ஜீரோவுக்கு மறுபடி பூச்சு அடிப்பீர்களா, மாட்டீர்களா?

தூரிகை:
மாட்டேன். அடுத்த ஜீரோவுக்கு உங்கள் பாகுச் சாம்பலைக் கலந்து பார்க்கிறேன். கீறல் மட்டும் வெள்ளியில்தான் இருக்கும்.

உப்புத்தாள்:
சீனக்குடா நண்பரே, ஹரிக்கேன் முடிந்ததும் படம் போடுங்கள். வால் பக்கம் ஒரு புள்ளி வெள்ளி தெரிந்தாலும் முதல் பதில் என்னுடையதாக இருக்கும்.