ஏர்த் ரீடிங் சரி, கம்பியில் கறள்: எதை நம்புவது?

உப்புக்காற்று:
வணக்கம். சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் 33 கேவி உப மின்நிலையத்தைப் பராமரிக்கிறேன். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்ததும் சுற்றிப் பார்த்தால் கல்வனைஸ் (நாகம் பூசிய இரும்பு) தூண்களில் வெள்ளைப் பொடி, சில இடத்தில் செங்கறள், அதைவிட மோசமாக டிரான்ஸ்போமரிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் ஏர்த் பட்டி, அதாவது பழுது மின்னை நிலத்துக்கு அனுப்பும் இரும்புப் பட்டி, நிலமட்டத்தில் பாதியாக மெலிந்துவிட்டது. மண்ணோடு உள்ள தடையை அளக்கும் ஏர்த் டெஸ்டில் 0.8 ஓம்தான் வருகிறது. "ரீடிங் நல்லாத்தானே இருக்கு, பெயின்டை அடி" என்கிறார் மேலே உள்ளவர். எனக்கு மனம் கேட்கவில்லை.

பழைய லைன்மேன்:
தம்பி, கேட்காதது நல்லது. அந்த 0.8 ஓம், மண்ணுக்குள் புதைத்த மொத்த ஏர்த் வலையும் மண்ணோடு எப்படித் தொட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். உவர் மண்ணில் வலையில் பாதி அறுந்து கிடந்தாலும் ரீடிங் அழகாகவே வரும். பழுது நடக்கும் அன்று ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்த மெலிந்த பட்டியால்தான் இறங்க வேண்டும், அது உருகிப்போனால் டிரான்ஸ்போமரின் உடம்பே மின்னேறி உயிரோடு நிற்கும், தொட்டவன் கதி என்ன?
ஒரு நல்ல இணைப்பை ஆதாரமாக வைத்து மண்ணுக்குள் இறங்கும் மற்ற ஒவ்வொரு பட்டிக்கும் 10 ஆம்பியருக்குக் குறையாமல் செலுத்தி, மிகச் சிறிய தடையை அளக்கும் மைக்ரோ ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். அக்கம்பக்கத்தை விட ஒன்றின் தடை மட்டும் பலமடங்கு கூடினால் அங்கே தோண்டுங்கள். கறள் கூடுதலாகத் தின்னும் இடம் காற்றும் ஈரமும் சந்திக்கும் நிலமட்டமும் அதற்குக் கீழே ஒரு அடியும்தான். கீழே வலை செம்பு, மேலே கல்வனைஸ் பட்டி என்று இணைத்திருந்தால் ஈரமண்ணில் அது பற்றரி மாதிரி வேலை செய்து பட்டியைத் தின்றுவிடும். கரண்ட் ஓடும்போது எந்த ஏர்த்தையும் கழற்றாதீர்கள், தயவுசெய்து.

கொட்டியாரக்குடா:
தூண்களுக்குப் பூச்சுத் தடிப்பு அளக்கும் மீட்டர் ஒன்று போதும். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த இரும்பில் நாகப் பூச்சு சராசரி 85 மைக்ரோன் இருக்க வேண்டும். கடுமையான கடலோரக் காற்றில், ஐஎஸ்ஓ வகைப்பாட்டில் சி5 என்பார்கள், முதல் வருடத்திலேயே 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை போகும், அதாவது அதே வேகத்தில் தேய்ந்தால் பத்து இருபது வருடத்துக் கதை. மழை கழுவாத உட்பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள், உப்பு அங்கேதான் தங்கும். அடித்தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் நங்கூர போல்ட் வெளியே தெரியாமலே மெலியும். பெயின்ட் பிறகு, முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

உப்புக்காற்று:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. கீழே செம்புதான். அடுத்த மின்வெட்டு நாளுக்கு மீட்டரை வாடகைக்குப் பேசிவிட்டேன், முதல் குழி டிரான்ஸ்போமர் அடியில்தான். அளவுகளோடு திரும்ப வருகிறேன்.