கைடு வியாபாரம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. திறந்த உரிமப் பாடநூல்களும் (யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் அனுமதி தரும் நூல்கள்) அவற்றின் வருமான வழிகளும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கதை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஃபிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் என்ற பதிப்பகம் தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க விட்டு, அச்சுப்பிரதியில் காசு பார்க்க முயன்றது. 2013 ஜனவரியோடு இலவசத்தை நிறுத்திவிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் பாடநூல் திட்டமான ஓபன்ஸ்டாக்ஸ் 2012இல் தொடங்கி, இணையத்தில் இன்றும் இலவசம்தான். அதற்குப் பின்னால் அறக்கட்டளைப் பணம் இருக்கிறது.

நான் திணறுவது நம்மூர் விஷயத்தில். தமிழ்நாட்டுப் பாடநூல்களை யாரும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகமே இலவசம். ஆனால் போன வாரம் ஒரு கடையில் பார்த்தேன்: பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குக்கும் அறிவியலுக்கும் கைடு வாங்கினான், இரண்டும் பாடநூலைவிடத் தடிமன். காசு புழங்கும் இடம் அதுதான் என்று தோன்றுகிறது. (நானும் கைடு படித்துத் தேறியவன்தான், குறை சொல்லவில்லை.)

கைடு எழுதிய ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா? மொத்தமாக ஒரு தொகையா, பிரதிக்கு இவ்வளவு என்றா? கடைக்காரருக்குக் கழிவு எவ்வளவு? விற்காத பிரதி யார் தலையில் விழும்? பாடத்திட்டம் மாறிய 2018, 2019இல் பழைய இருப்பை என்ன செய்தார்கள்?

பெயர் எதுவும் கட்டுரையில் வராது. உள்பெட்டியில் சொன்னாலும் போதும்.