புதுப்பிப்பு: அலைனர் அணிந்தபின் ஈறில் ரத்தம்

பல்வரிசையைச் சீராக்கும் அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) அணிந்ததிலிருந்து கீழ் முன்பற்களின் ஈறில் ரத்தம் கசிகிறது என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நின்றுவிட்டது!

பல் மருத்துவர் கைக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். உறையைப் பிடித்துக்கொள்ளப் பற்களில் ஒட்டியிருந்த சிறு பிசின் மொட்டுகளைச் சுற்றியும் ஈறோரத்திலும் வெளிர்மஞ்சள் படலம். ரத்தக் கசிவுக்கு அதுதான் காரணம். உறையைக் கழற்றாமலே சர்க்கரை போட்ட டீ குடித்துவந்தேன். சாப்பிட்டபின் வாய் கொப்பளித்ததோடு சரி. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மூடியிருக்கும் பல்லை உமிழ்நீர் எப்படிக் கழுவும்?

பல்லில் இறுகிப் படிந்திருந்த காறையை நீக்கிவிட்டு, பல்லிடுக்குத் தூரிகையைப் பயன்படுத்தச் சொன்னார். முதல் சில நாட்கள் அதிலும் ரத்தம் வந்தது. தயவுசெய்து, அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் வீங்கிச் சிவந்திருந்த ஈறு வற்றி இளஞ்சிவப்பாகிவிட்டது.

உறையைச் சுடுநீரில் கழுவலாமா என்று கேட்டிருந்தவர்களுக்கு: வேண்டாம், உருமாறிவிடும். குளிர்ந்த நீரே போதும்.