பையன் விளையாடும் சுடுகிற வீடியோ விளையாட்டு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

மீனா சித்தி: கவிதா, உன் பையன் ஆளைச் சுடுகிற வீடியோ விளையாட்டைக் கண் இமைக்காமல் விளையாடுகிறான். 12 வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

செல்வம் மாமா: இதை விளையாடித்தான் அமெரிக்காவில் பிள்ளைகள் துப்பாக்கியோடு பள்ளிக்குள் போகிறார்கள்.

அருண்: அப்படிச் சொல்ல முடியாது மாமா. உயிர் போகிற அளவு வன்முறைக்கு விளையாட்டுதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் சொல்லிவிட்டது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் பெரும்பாலான பிள்ளைகள் வீடியோ விளையாட்டு விளையாடுகிறார்கள். அங்கே துப்பாக்கிக் கொலை மிகமிகக் குறைவு. துப்பாக்கி எவ்வளவு சுலபமாகக் கையில் கிடைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கவிதா: சரி அருண், ஆனால் தோற்றால் கத்துகிறான், தங்கையைப் பிடித்துத் தள்ளுகிறான். அதை நான் தினமும் பார்க்கிறேனே.

அருண்: அதை நான் மறுக்கவில்லை அக்கா. கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு இருப்பதாக அதே சங்கம் சொல்கிறது. ஆனால் 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1000 பேரிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் விசாரித்தபோது அந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

செல்வம் மாமா: அப்போ விளையாடினால் நல்லது என்கிறாயா?

அருண்: வேகமான சுடும் விளையாட்டுகளில் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடியதாக 2003இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஆனால் அவர்கள் எல்லாம் பெரியவர்கள் மாமா. அக்கா, அவன் விளையாடுவது எது?

கவிதா: ஜிடிஏ 5.

அருண்: ஐரோப்பாவில் அதற்கு 18 வயது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள்! அவனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மீனா சித்தி: எனக்கு ரத்தத்தைவிட நேரம்தான் கவலை. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?

அருண்: சரியான கேள்வி சித்தி. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதுதான் அதன் அடையாளம். வன்முறை விளையாட்டா இல்லையா என்று அது கேட்பதே இல்லை.

கவிதா: பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. ஹெட்போனில் யாரோடோ பேசிக்கொண்டே இருக்கிறான்.

செல்வம் மாமா: யாரோடு?

கவிதா: தெரியாது மாமா. இருங்கள், இப்போதே கேட்கிறேன்.

மீனா சித்தி: திட்டாமல் கேள் அம்மா. பயந்தால் மறைத்துவிடுவான்.