பந்து போகும்போது ஸ்கோர் 5-5. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்

பச்சைச்சுவர்:
நேற்று குயின்ஸ்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "1986 வேர்ல்டு சீரிஸில் ரெட் சாக்ஸ் தோற்றதற்குக் காரணம் பில் பக்னர் ஒருவர்தான்" என்கிறார். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர் அது, ஏழு ஆட்டத்தில் நான்கை வென்றால் பட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிரணி நியூயார்க் மெட்ஸ். பக்னர் ரெட் சாக்ஸுக்காக முதல் பேஸில் நின்றவர். அந்த ஆட்டத்தை ஒவ்வொரு பந்தாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ரெட் சாக்ஸ் 5-3 முன்னிலை. மெட்ஸில் இரண்டு பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் தொடரே ரெட் சாக்ஸுக்கு. ரெட் சாக்ஸின் ஷிரால்டி வீசுகிறார். கார்ட்டர் ஹிட், மிட்செல் ஹிட், நைட் ஹிட். 5-4. அப்புறம் அவருக்குப் பதிலாக பாப் ஸ்டான்லி வீச வருகிறார். அவர் வீசிய ஒரு பந்து உள்ளே பாய்ந்து, மட்டையோடு நின்ற மூக்கி வில்சன் துள்ளி விலக, கேட்சரைத் தாண்டி ஓடியது. மூன்றாவது பேஸிலிருந்து மிட்செல் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். 5-5. அதற்குப் பிறகுதான் வில்சன் அடித்த பந்து பக்னரின் கால்களுக்கு நடுவே போனது. ஏற்கெனவே கைவிட்டுப் போன முன்னிலையை பக்னர் எப்படி ஐயா தொலைப்பார்?

குயின்ஸ்வாசி:
பள்ளிக்கூடப் பையன் பிடிக்கிற பந்து அது. பிடித்திருந்தால் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும். பிடிக்கவில்லை, நைட் ஓடி வந்தார், 6-5. இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?

பச்சைச்சுவர்:
பந்து போகும்போது ஸ்கோர் 5-5. அதைத் தொடாமல் தாண்டிப் போகிறீர்களே. வில்சன் 1982ல் 58 பேஸ் திருடிய (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) கால்காரர். பக்னர் பந்தைப் பிடித்தாலும் அதை வாங்கி அவுட்டாக்க ஸ்டான்லி வில்சனுக்கு முன் முதல் பேஸுக்கு வந்து சேர்ந்திருப்பாரா? வீடியோவைப் பாருங்கள்.

பழைய கேட்சர்:
ஸ்டான்லியை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் வீசிய பந்துக்கு கேட்சர் கெட்மேன் கையுறையை நகர்த்திய விதத்தைப் பாருங்கள். உடம்பைக் குறுக்கே கொண்டு போகாமல் கையை மட்டும் நீட்டினார். மூன்று வருடம் சாப்ட்பாலில் கேட்சராக முட்டி தேய உட்கார்ந்தவன் சொல்கிறேன், அது கேட்சர் விட்ட பந்து.

பச்சைச்சுவர்:
அதிகாரப்பூர்வமாக அது வைல்டு பிட்ச், அதாவது பிட்சர் தாறுமாறாக வீசிய பந்து. ஸ்டான்லி கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பழைய கேட்சர்:
எழுதியவர் கேட்சராக உட்கார்ந்து பார்த்தவரா?

சாபம்1918:
நீங்கள் எல்லாரும் ஒரு பந்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ரெட் சாக்ஸ்காரர்கள் தங்கள் நட்சத்திரம் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள், அதோடு எல்லாம் போயிற்று. 1946, 1967, 1975, 1986. நான்கு வேர்ல்டு சீரிஸிலும் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்ற அணி இது. சாபம் இல்லாமல் வேறு என்ன?

பச்சைச்சுவர்:
சாபம் என்று சொல்லிவிட்டால் மேனேஜர் மக்னமாரா தப்பித்துவிடுவார். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸ்களில் பக்னரை உட்கார வைத்து ஸ்டேபிள்டனை இறக்குவது அவர் வழக்கம். அன்று இறக்கவில்லை. 36 வயது, தேய்ந்த கணுக்கால், அதற்குக் கட்டாக உயரமான ஷூ போட்டுக்கொண்டு நின்ற மனிதரைக் களத்தில் விட்டது சாபமா, மக்னமாராவா?

குயின்ஸ்வாசி:
பார்த்தீர்களா, பக்னரால் முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போன மாதமும் இப்படித்தான். ரூத் ரெட் சாக்ஸுக்கு பிட்சராக வென்றது 89 ஆட்டம் என்றேன். 94 என்று இரண்டு நாள் சண்டை போட்டீர்கள்.

பச்சைச்சுவர்:
94 எல்லா அணிக்கும் சேர்த்து அவருடைய மொத்தக் கணக்கு! அன்றும் அதைத்தான் எழுதினேன். பாதியைப் படித்துவிட்டுப் பேசுவது உங்களுக்குப் பழக்கம். பேச்சை மாற்றாதீர்கள். ஸ்கோர் 5-5.

சாபம்1918:
ரூத் பேச்சை எடுத்தாலே சாபத்தில்தான் போய் முடியும்.

குயின்ஸ்வாசி:
சரி, உங்கள் பக்னர் மேல் குற்றமே இல்லை என்றால், 2008ல் ரெட் சாக்ஸின் பென்வே பார்க் மைதானத்தில் அவரை எழுந்து நின்று வரவேற்றதை ஏன் "மன்னித்துவிட்டார்கள்" என்று எல்லாரும் எழுதினார்கள்? குற்றம் இருந்ததால்தானே மன்னிப்பு?

பச்சைச்சுவர்:
அந்த ஏப்ரல் 8ஆம் தேதி வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இடது பக்கச் சுவரிலிருந்து மெதுவாக நடந்து வருகிறார். கைதட்டல் நிற்கவே இல்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் மரியாதைப் பந்தை வீசுவதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எதிரில் பந்தை வாங்க நின்றவர் 1986 அணியில் கூட ஆடிய டுவைட் எவன்ஸ். 2,715 ஹிட் அடித்த, 1980ல் நேஷனல் லீக்கின் பேட்டிங் சாம்பியனான மனிதரை ஒரே ஒரு பந்தை வைத்து இத்தனை வருடம் திட்டினார்களே, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் திட்டியவர்கள்தான். நீங்களும் சேர்த்து.

குயின்ஸ்வாசி:
கேட்க முடியாது. பந்து காலுக்கு நடுவே போனது. அவ்வளவுதான்.

பழைய கேட்சர்:
அதற்கு முன் கெட்மேன் விட்ட பந்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பச்சைச்சுவர்:
வைல்டு பிட்ச் என்று சொல்லிவிட்டேன். குயின்ஸ்வாசி, இன்னொன்று கேளுங்கள். அது ஆறாவது ஆட்டம். 27ஆம் தேதி ஏழாவது ஆட்டம் இருந்தது. அதிலும் ரெட் சாக்ஸ் 3-0 முன்னிலையில் இருந்து 8-5 என்று தோற்றது. இரண்டு ஆட்டத்திலும் தோல்வி எழுதப்பட்ட பிட்சர் ஷிரால்டி. அந்த ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஹிட் அடித்துப் போய், அதே கணுக்காலோடு ஓடி வந்து ரன் எடுத்தவர் யார் தெரியுமா? பக்னர்.

குயின்ஸ்வாசி:
ஆறாவது ஆட்டத்தில் பந்தைப் பிடித்திருந்தால் ஏழாவதே தேவைப்பட்டிருக்காது.

பச்சைச்சுவர்:
பிடித்திருந்தால் 5-5. ஐந்து-ஐந்து. ஜெயித்ததாக எந்த அட்டையில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள்.