பலகையை எடுத்தது யார்? ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ பார்த்தவர்கள் பேசுகிறார்கள்

எண்கணிதன் எழுதியது:

2016இல் வந்த ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ படத்தைப் போன வாரம்தான் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். அமெரிக்க நிறப் பிரிவினையைப் பற்றிய படம் என்றாலே சாட்டையும் தூக்குக் கயிறும் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். இதில் அவை இல்லை. கரும்பலகை, கோப்பு, காபிக் குடுவை, இவற்றை வைத்தே அவமானத்தைக் காட்டிவிடுகிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கேத்தரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் என்ற மூன்று கறுப்பினப் பெண்களின் கதை. புதிய பிரிவுக்கு மாற்றப்பட்ட கேத்தரின் எல்லோருக்கும் பொதுவான குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொள்கிறார். அறை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த முறை அவர் போகும்போது பக்கத்திலேயே சீட்டு ஒட்டிய தனிக் குடுவை ஒன்று இருக்கிறது. யாரும் வாய் திறந்து ஒரு சொல் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் கைத்தட்டல் வாங்கியது வேறு காட்சி. கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறை அரை மைல் தள்ளி இருக்கிறது. கோப்புகளை அணைத்துக்கொண்டு குதிகால் செருப்போடு ஓடி ஓடி வருகிறார் கேத்தரின். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்கும் மேலதிகாரியிடம் வெடித்துவிடுகிறார். அந்த அதிகாரி (கெவின் காஸ்ட்னர்) நேரே போய்க் கழிப்பறைப் பலகையை அடித்துப் பெயர்த்தெறிகிறார். என் மாமனார் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

பிறகு மார்கட் லீ ஷெட்டர்லியின் மூலநூலைப் படித்தேன். அப்படி ஓர் அதிகாரியே கிடையாது. பலரைக் கலந்து செய்த கற்பனைப் பாத்திரம். பலகை உடைப்பும் நடக்கவில்லை. கேத்தரின் ஓடவும் இல்லை. அந்தப் பகுதியில் வெள்ளையர் கழிப்பறைகளுக்குப் பலகையே கிடையாது. அவர் பாட்டுக்கு அங்கேயே போய் வந்தார். வெகுநாள் கழித்து யாரோ முணுமுணுத்தபோதும் மாறவில்லை.

அவராகவே செய்ததை எடுத்து வெள்ளை அதிகாரி கையில் கொடுத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம். உங்களில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்தது?

டீச்சரம்மா எழுதியது:

கோபம் நியாயம்தான். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. பிளஸ் ஒன் கணிதப் பிரிவு மாணவிகளுக்குப் பள்ளிக் கூடத்து அரங்கில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பலகை உடைபட்டபோது அவர்களும் விசிலடிக்காத குறைதான். ஆனால் மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. எல்லோரும் மேரி ஜாக்சனைப் பற்றித்தான் கேட்டார்கள். வெள்ளையர் மட்டுமே படிக்கும் பள்ளியில் நடக்கும் மாலை வகுப்பில் சேராமல் பொறியாளர் ஆக முடியாது என்ற நிலையில், நீதிபதி முன்னால் போய் நிற்கிறார் இல்லையா? கெஞ்சாமல், அந்த மனிதரின் புகழாசையைத் தொட்டுப் பேசி அனுமதி வாங்குகிறார். “மிஸ், அவருக்கு நாமும் ஒரு ‘முதல் ஆள்’ ஆகலாம் என்று ஆசை வந்துவிட்டது” என்றாள் கடைசி வரிசைப் பெண்.

அந்த நீதிமன்றக் காட்சியும் கற்பனைதான். லாங்லி இருக்கும் ஹாம்டன் நகர நிர்வாகத்திடம் விண்ணப்பித்துத்தான் அனுமதி பெற்றார் மேரி. உள்ளே நுழைந்து பார்த்தால், அத்தனை காலம் காத்து வைத்திருந்த அந்தப் பள்ளிக் கட்டடம் இடிந்து விழாத குறையாக, பூஞ்சை வாடையோடு இருந்திருக்கிறது. இதற்குள் விடாமலிருக்கவா இவ்வளவு பாடு! இதைப் படமாக்கியிருந்தால் நான் எழுந்து நின்று தட்டியிருப்பேன்.

1958இலேயே அவர் நாசாவின் பொறியாளர் ஆகிவிட்டார். படமோ எல்லாவற்றையும் இழுத்து வந்து 1961இல் கட்டிவைக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக இருந்த பிரிவையும் 1958இலேயே கலைத்துவிட்டார்கள். டோரதி வான் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தது 1949இல்.

ஹாம்டன்வாசி எழுதியது:

நான் இருப்பது ஹாம்டனுக்குப் பக்கத்தில்தான். படம் வெளியான நேரத்தில் எங்கள் ஊர்த் தேவாலயங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். என் மகளுக்குப் பியானோ சொல்லித்தருபவர். பலகை உடைப்புக் காட்சியில் எங்கள் வரிசையே ஆரவாரித்தபோது அவர் கைப்பையில் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன். “பலகை எதற்கு? எது யாருடையது என்று நாலு வயதில் எனக்கே தெரியும்” என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் பேசவில்லை. காரில் திரும்பும்போது, பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்திலிருந்த தன் அத்தை பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டதும் 1959இல் அந்த மாவட்டம் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டிவிட்டது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் அந்த வருடங்களைத் தொலைத்தேவிட்டார்கள். விண்வெளிக்கு ஆள் அனுப்ப லாங்லியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்கள், அதே வர்ஜீனியா.

ஓரமாக ஒருவன் எழுதியது:

எனக்குப் படம் பிடிக்கவில்லை. நாசா காசு கொடுத்து எடுத்த விளம்பரம் போல இருந்தது. யார் உடையும் கசங்குவதில்லை. பாட்டு நன்றாக இருந்தது.

எண்கணிதன் எழுதியது:

ஹாம்டன்வாசி, அந்த அம்மாவின் கைப்பை எனக்கு இன்னொரு கைப்பையை நினைவூட்டுகிறது. இதுவும் ஷெட்டர்லியின் நூலில் உள்ளதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலம். விமானத் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் ஆள் போதவில்லை. போராட்டம் நடத்துவோம் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் நெருக்கியதில், பாதுகாப்புத் துறை வேலைகளில் நிறம் பார்க்கக் கூடாது என்று 1941 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்தார். அந்த வழியில்தான் லாங்லிக்குள் கறுப்பினப் பெண்கள் வந்தார்கள். கையால் கணக்குப் போடும் இவர்களுக்குப் பதவிப் பெயரே கம்ப்யூட்டர். உணவுக்கூடத்தில் பின்வரிசை மேசை ஒன்றில் ‘கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்’ என்று ஒரு சிறிய அட்டை வைத்திருப்பார்கள். அங்கேதான் உட்கார வேண்டும்.

மிரியம் மான் என்பவர் ஒரு நாள் அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். வேலை போய்விடும் என்று கணவர் எச்சரித்தும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கட்டத்துக்குப் பிறகு அட்டை வைப்பதை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். யார் வைத்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்பதற்குக் கடுதாசி எதுவும் இல்லை.

சினிமாவுக்கு இது ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் அட்டையை மடியில் தள்ளும் ஒரு நடிகையைக் கற்பனை செய்து பாருங்கள். டோரதியாக நடித்த ஆக்டேவியா ஸ்பென்சரிடம் கொடுத்திருந்தால் அந்தப் பத்து நொடியிலேயே படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். இயக்குநர் தியோடர் மெல்ஃபியோ, வெள்ளையரிலும் நல்லது செய்பவர்கள் படத்தில் வேண்டும் என்கிற தோரணையில் ஒரு பேட்டியில் சமாதானம் சொன்னார். நல்லவர் வேண்டுமென்றால் நிஜத்திலேயே ஒருவர் இருந்தாரே! கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு வெள்ளைப் பெண்கள் சிரித்துவிட, கொதித்துப் போய் வந்த மேரி ஜாக்சன் எதிரில் வந்த பொறியாளர் சார்நெக்கியிடம் கொட்டித் தீர்த்தார். அவர் எதையும் உடைக்கவில்லை; கேட்டுக்கொண்டார், என்னிடம் வேலைக்கு வா என்றார். படத்தில் இவருக்குப் பெயரை மாற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

விண்வெளி வீரர் ஜான் கிளென் விஷயம் மட்டும் உண்மை. பூமியைச் சுற்றிவந்த 1962 பிப்ரவரி 20 பயணத்துக்கு முன் இயந்திரம் போட்ட கணக்கைக் கேத்தரினைச் சரிபார்க்கச் சொன்னார். படத்தில் கடைசி நேர ஓட்டமாக வருவதற்கு, உண்மையில் அவர் எடுத்துக்கொண்டது ஒன்றரை நாள்.

இரவுக்காட்சி எழுதியது:

எண்கணிதன் கேட்கிற மாதிரிப் படம் அதே 2016இல் வந்தது: ஜெஃப் நிக்கோல்ஸ் இயக்கிய ‘லவிங்’. திரையரங்கில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். அதுவும் வர்ஜீனியாதான். கொத்தனார் ரிச்சர்ட் லவிங் வெள்ளையர். மனைவி மில்ட்ரெட் கறுப்பின, பழங்குடி மரபில் வந்தவர். 1958இல் வாஷிங்டனில் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தார்கள். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. வெள்ளையர் வேறு நிறத்தவரை மணப்பதே வர்ஜீனியாவில் குற்றம்; அந்தச் சான்றிதழே அதற்குச் சாட்சி.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகிறது. இருவரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கேமராவும் வாதங்களுக்குப் பக்கத்தில் அதிகம் நிற்பதில்லை. ‘லைஃப்’ பத்திரிகைப் புகைப்படக்காரர் கிரே வில்லெட் வீட்டுக்கு வரும் காட்சி ஒன்று போதும். ரிச்சர்ட் மனைவியின் மடியில் தலை வைத்துத் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வில்லெட் எடுத்த நிஜப் படத்தை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். மாநிலத்தின் சட்டமே கூடாது என்று சொன்னது இதைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

என்னோடு வந்த நண்பர் இடைவேளைக்குள் தூங்கிவிட்டார். அவர் எதிர்பார்த்தது நீதிமன்றத்தில் அனல் பறக்கும் வசனம். 1967 ஜூன் 12இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். அலபாமா மாநிலம் அதே போன்ற திருமணத் தடையைத் தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கியது 2000ஆம் ஆண்டில், அதுவும் வாக்கெடுப்பு வைத்து. வாக்களித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் நீக்க வேண்டாம் என்றார்கள்.