புதுப்பிப்பு: முட்டை பஃப்ஸ் இந்த முறை அடுக்கடுக்காக வந்துவிட்டது

கடையில் வாங்கிய உறைந்த பஃப் பேஸ்ட்ரி ஷீட்டில் செய்த முட்டை பஃப்ஸ் மேலே உப்பாமல், அடியில் சொதசொதவென்று இருந்தது, என்ன தவறு என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா? ஞாயிறன்று மறுபடி செய்தேன், பேக்கரி பஃப்ஸ் போலவே பொறுபொறுவென்று உதிர்ந்தது!

ஷீட்டைச் சமையல் மேடையிலேயே வைத்து இளகவிட்டதுதான் பெரிய தவறு. சென்னை வெயிலில் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு உருகி மாவோடு கலந்துவிடும், அப்புறம் அவனில் நீராவி தூக்கிவிட அடுக்கே இருக்காது. இந்த முறை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன். வெங்காய மசாலாவையும் ஈரம் போகச் சுருள வதக்கி, முழுக்க ஆறவிட்டு வைத்தேன். மடித்ததை 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகச் சூடேறிய அவனில் 200 டிகிரியில் 22 நிமிடம். மேலே முட்டை பூசும்போது வெட்டிய ஓரத்தில் வழியவிடாதீர்கள், அடுக்குகள் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது.

மிஞ்சிய ஒரு ஷீட்டில் தேங்காய் வெல்லப் பூரணம் வைத்தேன், வீட்டில் அதுதான் முதலில் தீர்ந்தது. வெல்லம் கசிந்து தட்டில் கருகும், பட்டர் பேப்பர் கட்டாயம் போடுங்கள்.